பதினோராவது கோடு

ஒன்பது வருஷம் ஜப்பானில் ஓடிவிட்டுக்
கப்பலேறி ரயிலேறி
உலான்பாத்தர் வந்து சேர்ந்த வண்டி.
ஸ்டீயரிங் இன்னும் வலப்பக்கம்.
பொத்தான்களில் இருக்கும் எழுத்து ஒன்றும் எனக்குப் பிடிபடாது,
படம் பார்த்துப் பழகினேன்:
விசிறி போல விரிந்த கட்டத்துக்குள் மூன்று நெளிகோடு, முன்கண்ணாடி.
செவ்வகத்துக்குள் அதே மூன்று, பின்கண்ணாடி.
முதல் குளிர்காலம் பூராவும் மாற்றி மாற்றி அழுத்தினேன்.
முன்னால் காற்று சீறும்,
பின்னால் குருடு.

மைனஸ் முப்பத்தொன்று.
ஏறுகிறவர் எல்லோரும் ஆளுக்கொரு மூச்சு கொண்டுவருகிறார்கள்.
ஆட்டிறைச்சி மூச்சு, ஓட்கா மூச்சு,
பரீட்சைக்குப் போகிற பெண்ணின் படபடக்கும் சின்ன மூச்சு.
காசு கொடுத்து இறங்கிப் போன பிறகும்
மூச்சு இறங்குவதில்லை,
பின்கண்ணாடியில் ஏறி உட்கார்ந்து உறைகிறது.

செவ்வகப் பொத்தானை அழுத்தினால் ஆறு நிமிஷம்.
செம்பழுப்புக் கோடுகள் சத்தமில்லாமல் சூடேறும்.
ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி
ஒரு விரல் அகலத்துக்கு உலகத்தைத் திறக்கும்,
பிறகு அடுத்தடுத்த விரல்கள் சேர்ந்து ஒரு தெரு.
பதினோராவது கோடு மட்டும் செத்த கோடு.
அங்கே ஒரு வெள்ளைப் பட்டை.
பின்னால் வரும் வண்டிகளெல்லாம்
இடுப்பில் துணி கட்டியவை போல வரும்.

அந்தப் பட்டையில்தான் எழுத்து.
யாரோ விரலால் எழுதியது.
விரல் போய்விட்டது, விரலின் எண்ணெய் போகவில்லை.
பனி படரும்போது எழுத்து எழும், காய்ந்தால் ஒளியும்.
ஓட்டுநர் கண்ணாடியில் தலைகீழ் வலமிடமாகவே பார்த்துப் பார்த்து
ஏதோ பூச்சி வரிசை என்று நினைத்திருந்தேன்.

சப்போரோவில் படித்துவிட்டு வந்த நொமுன்சாரல்
ஒருநாள் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து வாசித்தாள்:
ஓ. நா. கா. சு. இ. தா.
சிரித்தாள். “ஒன்றுமில்லை அக்கா,
வயிறு பசிக்குதாம்.”

அவ்வளவுதான்.
சாபமில்லை, காதலில்லை.
அப்பா கடைக்குள் போயிருப்பார்,
வண்டிக்குள் ஒரு பொடிசு
சோற்றை நினைத்துக்கொண்டு முழங்காலிட்டிருக்கும்.
அன்று சவாரி முடியும்முன்பே
இரண்டு குஷூர் வாங்கித் தின்றேன்.

பிறகு நாராந்தூல் பக்கம் ரிவர்ஸ் எடுக்கும்போது
வெள்ளைப் பட்டைக்குள் நின்றிருந்தார் ஒரு கிழவர்.
தட்டினார், திட்டினார், உயிரோடு போனார்.
மறுநாள் கோம்போவின் ஷெட்டில் நின்றேன்.

வோல்ட் மீட்டரின் முனையில் சிகரெட் தாளின் வெள்ளிச் சுருளைச் சுற்றி
கோட்டின் மேல் நகர்த்தினான் கோம்போ.
பன்னிரண்டு, பதினொன்று, பத்து,
சட்டென்று சுழி.
“இங்கேதான் அறுந்திருக்கு. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தானுங்க,
பிளேடு போட்டுச் சுரண்டியிருக்கானுங்க.”
மேலே இருந்த இரண்டு கோட்டைக் காட்டி
“அதைத் தொடாதே, அது ரேடியோவுக்கு” என்றான்,
நான் கேட்காமலே.
வெள்ளிப் பூச்சு பாட்டிலைக் குலுக்கினான்.
ஸ்பிரிட் நனைத்த துணியை எடுத்தான்.

“துடைக்கணுமா?”
“துடைக்காம ஒட்டாது.”
“எவ்வளவு?”
கட்டைவிரலைக் காட்டினான்.

ஒரு கட்டைவிரல் அகலம். கடைசி எழுத்து.
தடுக்க எனக்கு என்ன உறவு?
அந்தப் பொடிசுக்கு இப்போது மீசை முளைத்திருக்கலாம்,
கார் லோன் கட்டிக்கொண்டிருக்கலாம்.
துடை என்றேன்.

கோடு இப்போது வேலை செய்கிறது.
ஆறாவது நிமிஷம் பின்னால் முழுத் தெரு,
புகைக்கூண்டு, நிலக்கரி மூட்டை, நாய், ஆள், எல்லாம் இடுப்போடு.
பதினைந்தாவது நிமிஷம் டிக் என்று தானே அணைகிறது.

காலையில் மட்டும்,
எஞ்சின் சூடேறக் காத்திருக்கும்போது,
என் மூச்சு ஒன்றே போதுமாயிருக்கிறது.
ஓ நா கா சு இ
என்று ஐந்தே எழுத்து எழுகிறது.
முடியாத பசி.
பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு
காலையில் என்ன தின்றேன் என்று யோசிக்கிறேன்.
தேநீர், உப்புப் போட்டது.
வேறொன்றுமில்லை.